மழைத் தடம் – 9: மழை மிஞ்சினாலும் மீன் குறையும்

ஊத்துக்குளி வெண்ணெய் என்றதும் எருமையைச் சொல்வார்கள், பாலைச் சொல்வார்கள். அந்த மேய்ச்சலைத் தாங்கும் புல்லை யாரும் சொல்வதில்லை. இங்கிருந்து காங்கயம் வரை கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் முளைப்பது கொழுக்கட்டைப் புல். மழை பொய்த்தாலும் வேர் சாகாது. ஒரு மழை விழுந்தால் தழைத்துவிடும். அதன் இலைமேல் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. இலை காய்ந்து பொடியானாலும் மெழுகு லேசில் அழியாது. மழைத் தண்ணீரோடு ஓடையில் இறங்கி, நொய்யலில் சேர்ந்து, காவிரி வழியாகக் கடலுக்குப் போய் அடிமண்ணில் தங்கிவிடும்.

அந்த மெழுகு ஒரு சாட்சி. கொழுக்கட்டைப் புல், சோளம், கம்பு போல வறட்சிக்கு ஈடுகொடுப்பவற்றின் மெழுகில் கனமான கார்பனும் லேசான கார்பனும் கலந்திருக்கும் விகிதம் வேறு. மரங்களிலும் நெல்லிலும் வேறு. 2006இல் எரிவாயு தேடிய கப்பல் ஒன்று, கோதாவரி முகத்துவாரத்துக்கு அப்பால் கடலடி மண்ணைக் குழாயில் எடுத்தது. அந்த மண்ணில் இருந்த மெழுகை ஆராய்ந்து கமிலோ பொண்டோன், லிவியு ஜியோசன் குழுவினர் 2012இல் கட்டுரை வெளியிட்டார்கள். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,700 ஆண்டுகளுக்கு முன்பு வரை, வறட்சி தாங்கும் தாவரங்கள் தீபகற்ப இந்தியாவில் படிப்படியாகக் கூடிக்கொண்டே வந்திருக்கின்றன. நம் தக்காணம் காய்ந்த வரலாறு கடலுக்கடியில் இருந்திருக்கிறது.

குழாய்க்குள் வரும் கொஞ்சம் மண்ணை வைத்து இவ்வளவு சொல்ல முடியுமா? திருப்பூர்க்காரர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். ஜி.எஸ்.எம். கட்டரால் ரோலிலிருந்து ஒரு வட்டத் துண்டை வெட்டி எடை போட்டு, துணி எத்தனை ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்று தினமும் சொல்பவர்கள் அவர்கள்.

மெழுகு கரையின் கதையைச் சொல்லும். கடலின் கதையைச் சொல்வது ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள். மண்ணைச் சிறு சிறு வில்லைகளாக அறுத்து, 63 மைக்ரான் சல்லடையில் தண்ணீர் விட்டு அலசுவார்கள். சேறு போய்விடும்; வெள்ளை மணல் போல ஓடுகள் நிற்கும். காயவைத்து நுண்ணோக்கிக்கு அடியில் தட்டில் பரப்பி, ஈரம் தொட்ட மெல்லிய தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஒரு ஓடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் இருக்கும் ஆக்சிஜன் அன்றைய கடல்நீரின் உப்பைக் காட்டும், மெக்னீசியம் வெப்பத்தைக் காட்டும், கார்பன் வயதைக் காட்டும். பொறுக்கிய கை யாருடையது என்று கட்டுரைகளில் பெரும்பாலும் தெரியாது. அந்தப் பொறுமை இல்லாமல் இந்த அறிவியலே இல்லை.

இப்படி ஓடுகளைப் படித்து அரிசோனா பல்கலைக்கழகத்தின் கௌஸ்துப் திருமலை குழுவினர் 2025இல் ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு என்னை உலுக்கிவிட்டது. வங்காள விரிகுடாவின் கடந்த 22,000 ஆண்டுகளைப் பார்த்திருக்கிறார்கள். 17,500 முதல் 15,500 ஆண்டுகளுக்கு முன்பு பருவமழை மிகவும் நலிந்திருந்தது. கடலில் உயிர் உற்பத்தி சரிந்தது. அது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் 10,500 முதல் 9,500 ஆண்டுகளுக்கு முன்பு பருவமழை மிகப் பலமாக இருந்தபோதும் அதே சரிவு!

காரணம் எளிது. மழையும் ஆற்றுநீரும் அளவுக்கு மீறி வந்தால், உப்பில்லாத லேசான தண்ணீர் கடல்மேல் மூடிபோல் நின்றுவிடும். ஆழத்தில் இருக்கும் சத்து மேலே ஏற வழியில்லை. மழை நலிந்த காலத்திலோ கலக்கிவிடும் அளவுக்குக் காற்று இல்லை. இரண்டிலும் மேலே வெயில் இருக்கும், கீழே சத்து இருக்கும், இரண்டும் சந்திக்காது. நுண்பாசி வளராது, அதைத் தின்று வளரும் மீனும் வளராது. உலகக் கடற்பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லாத இந்த விரிகுடா, உலக மீன்பிடியில் ஏறக்குறைய 8 சதவீதத்தைத் தருகிறது. கடல் சூடேறி, மழை மேலும் மூர்க்கமாகும் என்று கணிக்கப்படும் காலத்தில் இந்தப் பழைய கணக்கு நாகப்பட்டினத்து வலைக்கும் நம் சந்தை மீனுக்கும் நேரடியாகப் பொருந்தும்.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. இதுவரை கடல்மண்ணில் படித்ததில் பெரும்பகுதி தென்மேற்குப் பருவமழை. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஊத்துக்குளிக்குக் காற்றுதான் வரும். மழையை மலை பிடித்துக்கொள்ளும். நம் கிணறு ஊறுவது ஐப்பசி, கார்த்திகையில். தமிழ்நாட்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தரும் இந்த வடகிழக்குப் பருவமழை பற்றிக் கடல்மண்ணிலிருந்து எழுதப்பட்டவை மிகக் குறைவு. கடலடியைத் துளைத்துவந்த ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பலின் அறிவியல் பணியும் 2024இல் முடிந்துவிட்டது. ஆனால் சில ஆயிரம் ஆண்டுகளைப் படிக்க அத்தனை பெரிய கப்பல் வேண்டாம். காவிரி முகத்துவாரத்துக்குக் கிழக்கே சில மீட்டர் மண் போதும். சென்னை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்திடம் ‘சாகர் நிதி’ ஆய்வுக் கப்பல் இருக்கிறது. அதை இந்த வேலைக்கு அனுப்பும்படி நம் பல்கலைக்கழகங்கள் உரக்கக் கேட்க வேண்டும்.

அப்படி எடுக்கும் மண்ணில் மேல் அடுக்கு மட்டும் கலங்கியிருக்கும். 1934 முதல் காவிரி வண்டலை மேட்டூர் பிடித்துவைக்கிறது. 1992 முதல் நொய்யல் வண்டலை, சாயக்கழிவோடு சேர்த்து, ஒரத்துப்பாளையம் அணை பிடித்துவைத்தது. அந்த அணைச் சேற்றில் என்ன படிந்திருக்கிறது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)