அரசுப் பள்ளி இல்லையாம்!

நெல்லை மாவட்டத்தில் முக்கூடல் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் திண்ணையில் பீடித்தட்டு கண்ணில் படும். அளவு வைத்து இலையை வெட்டி, தூளைப் பரப்பி, சுருட்டி, முனையை மடக்கி நூல் கட்டுகிற அந்தக் கைகள் பேசும்போதும் நிற்பதில்லை. பேச்சு பெரும்பாலும் பிள்ளையின் படிப்பைப் பற்றித்தான். மகள் மடியில் இந்தத் தட்டு ஏறிவிடக் கூடாது என்பதுதான் தாமிரபரணிக் கரையில் பீடி சுற்றும் தாய்மார்கள் பலருக்கும் உள்ள ஒரே வைராக்கியம்.

அந்தப் பிள்ளை போகிற பள்ளி எது? இந்த வட்டாரத்தில் அது பெரும்பாலும் அரசு உதவி பெறும் பள்ளியாகவே இருக்கும்.

அதற்குக் காரணம் வரலாறு. 1820-ல் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்த காலத்திலிருந்தே மிஷன் பள்ளிகள் ஊர் ஊராகப் பரவின. டி.டி.டி.ஏ. பள்ளி, ஆர்.சி. பள்ளி என்று சொன்னால்தான் இன்றும் கிராமத்தில் வழி காட்டுவார்கள். அம்பாசமுத்திரத்தில் தீர்த்தபதி பள்ளி, கல்லிடைக்குறிச்சியில் திலகர் வித்யாலயம் என்று மற்றவர்களும் தொடங்கினார்கள். 2011 கணக்கெடுப்பில், தென்காசி பிரியாத நெல்லை மாவட்டத்தின் எழுத்தறிவு 82.5 சதவீதம்; மாநிலத்துக்கு 80.1. இந்தக் கணக்கில் உதவி பெறும் பள்ளிகளின் உழைப்பு பெரியது. சாதிக்கொரு நிர்வாகம், மதத்துக்கொரு நிர்வாகம் என்ற குறையும் அதோடு சேர்ந்தே வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

இந்தப் பள்ளிகளில் அனுமதிக்கப்பட்ட பணியிட ஆசிரியருக்குச் சம்பளம் அரசுடையது. பாடநூல், சத்துணவு, பிளஸ் 1 சைக்கிள் எல்லாம் அரசுடையவை. ஆனால், 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கு அந்த இடம் உண்டு. பன்னிரண்டு வருஷமும் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பீடித் தொழிலாளி மகளுக்கு இல்லை. இதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வராது.

காலை உணவிலும் இதே கதைதான். 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய திட்டம், ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு வந்தது 2024 ஜூலை 15-ல். நகரப் பகுதிக்கு 2025 ஆகஸ்டில். பசிக்கு எந்த நிர்வாகம் என்று தெரியாது.

எதிர்வாதம் இல்லாமலில்லை. சில நிர்வாகங்கள் அதே வளாகத்தில் சுயநிதி ஆங்கில வழிப் பிரிவு நடத்திக் கட்டணம் வாங்குகின்றன. ஆசிரியர் நியமனமும் அவர்கள் கையில்தான். இந்தப் பள்ளிகளுக்கும் சேர்த்துக் கதவைத் திறந்தால் உண்மையான அரசுப் பள்ளி ஏழைப் பிள்ளையின் இடம் போய்விடும் என்ற பயம் நியாயமானது. இதற்கு வழியை அரசே காட்டியிருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாதாமாதம் உதவித்தொகை தரும் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும், 2024 டிசம்பரில் விரிவாக்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்திலும் உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழி மாணவர்களுக்கு இடம் கொடுத்தாயிற்று. மாதம் 1,000 ரூபாய்க்குத் தகுதியான பிள்ளை மருத்துவ சீட்டுக்கு மட்டும் எப்படி அந்நியமாகிறது?

இந்த உள்ஒதுக்கீட்டுக்காக அரசு அமைத்த நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைத்தது 10 சதவீதம், கிடைத்தது 7.5. மிச்சமிருக்கிற அந்த இரண்டரையைத் தமிழ் வழி உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளையின் பங்கிலிருந்து ஒரு சீட்டும் குறையாது.