கொப்பரையில் ஏறும் புகை

ஆனி, ஆடியில் கொல்லங்கோட்டுக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். தென்மலையில் மேகம் இறங்கிவிட்டால் நாள்கணக்கில் வெயில் இராது. முற்றத்தில் காயப்போட்ட தேங்காய் மூடிகளை உள்ளே அள்ளி, அடியில் மட்டையை மூட்டிப் புகையில் வாட்டுவார்கள். இல்லையென்றால் பூஞ்சணம் பிடித்துவிடும். அந்தக் கொப்பரையை ஆட்டிய எண்ணெயில் லேசான புகை வாசனை வரும். ஊர் நினைவாக அதையே கேட்டு வாங்குபவர்களும் நம்மில் உண்டு.

அந்தப் புகையோடு வருவது பென்சோபைரீன். மட்டை சரியாக எரியாமல் புகையும்போது உண்டாகிறது. கொழுப்பில் கரையும் பொருளாதலால் கொப்பரையில் படிந்து எண்ணெயோடு வந்துவிடும். புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை வகைப்படுத்தியிருக்கிறது. ஐரோப்பிய நாடுகளில் ஒரு கிலோ தேங்காய் எண்ணெயில் 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். இதை ஆய்வுக்கூடக் கருவி கண்டுபிடிக்கும், மூக்கு கண்டுபிடிக்காது.

'அப்படியானால் சுத்திகரித்த எண்ணெய் வாங்கலாமே' என்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆலையில் சூடான எண்ணெய்க்குள் நீராவி செலுத்தி வாசனையைப் போக்குகிறார்கள். இலேசான புகைப்பொருட்கள் ஆவியோடு போய்விடும். பென்சோபைரீன் போன்ற கனமானவை பெரும்பாலும் தங்கிவிடும். அவற்றைப் பிடிக்கச் செயலூட்டிய கரியைக் கலந்து வடிகட்ட வேண்டும். ஆக, மணமற்ற எண்ணெய் என்பதாலேயே அது சுத்தமான எண்ணெய் ஆகிவிடாது.

சூட்டைக் கூட்டினாலும் தொல்லை. 230 பாகைக்கு மேல் போனால் கிளிசிடைல் எஸ்டர் என்ற வேறொரு வேண்டாத பொருள் எண்ணெயிலேயே உருவாகிறது. பாமாயிலில் இது அதிகம். இதற்கும் 2018 முதல் ஐரோப்பாவில் வரம்பு உண்டு: கிலோவுக்கு 1 மில்லிகிராம்.

ஆகவே ஆலையில் கழுவுவதைவிடக் களத்தில் தடுப்பதே எளிது. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் சிரட்டையை எரித்து, புகை படாமல் சூடு மட்டும் கொப்பரைக்கு எட்டும் உலர்த்திகளை வடிவமைத்திருக்கிறது. ஆடி மாத மழையிலும் இதில் கொப்பரை போடலாம்.

ஊரிலிருந்து எண்ணெய் வரவழைப்பவர்கள், செக்கா ஆலையா என்று மட்டும் கேட்கிறோம். வெயிலில் காய்ந்ததா, புகையில் வாட்டியதா என்றும் கேளுங்கள். செக்குக்காரருக்கு அது தெரியும்.