இத்தாலியின் இரவல் பூதங்கள் – 9
பீப்பாய்க்குள் பிறந்த முதலை

சென்ற வாரம் சுறாவைக் கோர்ட் வாசலில் விட்டுவிட்டு வந்தோம். 'ஜாஸ்' எடுத்த யுனிவர்சல் வழக்குப் போட, என்சோ காஸ்டெல்லாரியின் சுறாப் படம் அமெரிக்கத் தியேட்டர்களை விட்டே ஓடிய கதை. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் 'கில்லர் க்ரோகடைல்' ப்ளூரேயைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். 1989-இல் வந்த படம். அமெரிக்காவின் செவரின் பிலிம்ஸ் 2019-இல் அதை ப்ளூரேயாகக் கொண்டுவந்தது. பிம்பம் எப்படி, ஒலி எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் படத்தில் தண்ணீருக்கடியில் கிடக்கும் அந்தப் பீப்பாய்கள் என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டன.

கதை தெரியாதவர்களுக்கு ஒரு வரி: வெப்பமண்டலச் சதுப்பு ஒன்றில் யாரோ கதிரியக்கக் கழிவைப் பீப்பாய் பீப்பாயாகக் கொட்டுகிறார்கள், அதை அளக்க வந்த சுற்றுச்சூழல் இளைஞர்களை, அந்தக் கழிவில் ஊறி வீங்கிய முதலை ஒவ்வொருவராகத் தின்கிறது. டொமினிகன் குடியரசில் எடுத்தார்கள். இயக்குநர் ஃபப்ரிட்சியோ டி ஆஞ்செலிஸ், 'லாரி லுட்மன்' என்ற அமெரிக்க முகமூடியோடு.

கழிவுப் பீப்பாய் என்பது திகில் படக்காரர்களின் மலிவுச் சாக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பூதம் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் கையைக் காட்ட ஒரு பீப்பாய். ஆனால் 1989-இல் இத்தாலியில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனுக்கு அந்தப் பீப்பாய் நேற்றைய செய்தித்தாள்.

1976 ஜூலையில் மிலான் அருகே செவெசோவில் ரசாயன ஆலையிலிருந்து டையாக்ஸின் மேகம் கிளம்பியது தெரிந்த கதை. அதன் வால்தான் விசேஷம். அங்கே சுத்தம் செய்து எடுத்த நச்சை 41 பீப்பாய்களில் அடைத்து, 1982-இல் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். எல்லை தாண்டியதும் பீப்பாய்கள் மாயம். ஐரோப்பாவே மாதக்கணக்கில் தேடியது. 1983 மே மாதம் வடக்குப் பிரான்ஸின் ஒரு கிராமத்தில், கைவிடப்பட்ட கசாப்புக் கூடத்தில் அத்தனையும் அகப்பட்டன. கசாப்புக் கூடம்! எந்தத் திரைக்கதாசிரியராவது இப்படி எழுதியிருந்தால் தயாரிப்பாளர் அடித்துவிட்டிருப்பார்.

அடுத்தது இன்னும் மோசம். 1987, 88-இல் இத்தாலியிலிருந்து கப்பல் கப்பலாக நச்சுக் கழிவு நைஜீரியாவின் கோகோ என்ற சிறு ஆற்றுத் துறைமுகத்துக்குப் போனது. ஏறக்குறைய 4,000 டன். உள்ளூர்க்காரர் ஒருவரின் கொல்லையை மாதம் 100 டாலர் வாடகைக்குப் பிடித்து, அதில் ஆயிரக்கணக்கான பீப்பாய்களை அடுக்கிவிட்டார்கள். வெயிலில் அவை உப்பிக் கசிந்தன. விஷயம் எப்படி வெளியே வந்தது? இத்தாலியில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய மாணவர்கள் மூலம். தங்கள் ஊர்ப் பத்திரிகைகளுக்கு அவர்கள் தகவல் அனுப்ப, 1988 ஜூனில் வெடித்தது. நைஜீரியா ரோமிலிருந்து தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

பீப்பாய்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'கரின் பி' என்ற கப்பலின் பாட்டைத் தனிப் புத்தகமாகவே எழுதலாம். ஸ்பெயின் விரட்டியது, பிரிட்டன் விரட்டியது, பிரான்ஸும் வேண்டாம் என்றது. கடலில் அலைந்து அலைந்து கடைசியில் கழிவின் சொந்த நாடான இத்தாலியின் லிவோர்னோவுக்கே வந்து சேர்ந்தது. 1989 மார்ச்சில் நாடுகள் கூடி நச்சுக் கழிவு நாடு தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையை ஏற்றன. அதே வருஷம்தான் நம் முதலை திரைக்கு வந்தது.

டி ஆஞ்செலிஸ் இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் எடுத்தார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். 'ஸோம்பி 2' தயாரித்த மனிதர் அவர். முதலில் பார்ப்பது கல்லாப்பெட்டியைத்தான். ஆனாலும் படத்தில் வரும் நீதிபதியைப் பாருங்கள். கழிவு கொட்டுகிறவனோடு கூட்டு, கேள்வி கேட்கிறவர்களிடம் வழவழப்பான பேச்சு. நாற்பதுகளில் எம்ஜிஎம்மின் செல்லப்பிள்ளையாக இருந்த வான் ஜான்சன் நடித்திருக்கிறார். முதலை வரும் காட்சிகளைவிட அவர் வரும் காட்சிகளில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நடுவில் ஒன்று, சொல்லாவிட்டால் தூக்கம் வராது. முதலையை ஈட்டியோடு துரத்தும் வேட்டைக்காரராக வருபவர் என்னியோ ஜிரோலாமி. இவருடைய தம்பி யார் தெரியுமா? போன வாரச் சுறாவின் இயக்குநர் காஸ்டெல்லாரி! அண்ணன் முதலைக்கு, தம்பி சுறாவுக்கு. இவர்கள் அப்பா மரீனோ ஜிரோலாமியும் இயக்குநர்தான். அவருடைய 'ஸோம்பி ஹோலகாஸ்ட்' படத்தைத் தயாரித்தவர் இதே டி ஆஞ்செலிஸ். கதாநாயகன் ஆன்டனி க்ரென்னா, 'ராம்போ' படங்களில் கர்னலாக வரும் ரிச்சர்ட் க்ரென்னாவின் மகன். முதலையைச் செய்த ஜானெட்டோ டி ரோசி அதற்கு முந்தின வருஷம் 'ராம்போ 3'-இல் ஒப்பனை வேலை பார்த்தவர். இத்தாலிய பூதப் படங்கள் ஒரே கூட்டுக் குடும்பத்துச் சமாசாரம் என்று இந்தத் தொடரின் முதல் வாரத்திலிருந்து சொல்லி வருகிறேன்.

படம் நன்றாக இருக்கிறதா என்றால், பாதி இருக்கிறது. ரிஸ் ஓர்தொலானியின் இசை 'ஜாஸ்' பக்கம் கூச்சமில்லாமல் சாய்கிறது. முதலை தலையை மட்டும் தூக்கும்போது மிரட்டுகிறது. முழு உடம்பும் தெரியும்போது விறைத்துப்போய்க் கிடக்கிறது. ப்ளூரேயின் துல்லியத்தில் அந்த விறைப்பு இன்னும் நன்றாகவே தெரிகிறது. ஆனால் நிஜச் சேற்றில், நிஜத் தண்ணீரில், ஆள் மேலே ஏறிக் குத்தும் அளவுக்கு ஒரு பூதத்தைக் கட்டி மிதக்கவிட்ட துணிச்சலுக்கு என் ஓட்டு உண்டு.

பக்கம் முடிந்துவிட்டது என்று ஆசிரியர் இரண்டாம் முறை ஆள் அனுப்பிவிட்டார். ஆகவே தட்டின் தரமும், அதிலுள்ள டி ரோசியின் பேட்டியும் அடுத்த வாரம். 2021-இல் காலமான அந்த மனிதர் தன் முதலையைப் பற்றித் தானே பேசுகிறார். அதை அவசரத்தில் எழுதக் கூடாது. அதுவரை ஒரு வேண்டுகோள்: தட்டு கையில் இருப்பவர்கள் டி ரோசியே இயக்கிய இரண்டாம் பாகத்தை முதலில் போட்டுவிடாதீர்கள். முதல் படத்துக் காட்சிகளை வெட்டி அதில் நிறையவே ஒட்டியிருக்கிறார்கள்.

(தொடரும்)