புகையும் பொது இடமும்

கல்யாண வரவேற்பில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சிகரெட் தட்டும் இருந்த காலம் ஒன்று உண்டு. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால், "சும்மா சொல்லாதீங்க தாத்தா" என்பார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பீடி பற்றவைத்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்களே தவிர, "கொஞ்சம் அணைச்சிடுங்க" என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் அதுதான் மரியாதைக் குறைவு!

இந்த மரியாதை எப்படித் தலைகீழானது?

முதல் காரணம் விஞ்ஞானம். கணவர் புகைத்தால், புகைக்காத மனைவிக்கும் நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடுகிறது என்று 1981இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிராயாமா எடுத்துக்காட்டினார். "அவர் உடம்பு, அவர் இஷ்டம்" என்றிருந்த விஷயம், பக்கத்தில் இருப்பவரின் உரிமைப் பிரச்சினையாயிற்று.

இரண்டாவது காரணம் சட்டம். பொது இடங்களில் புகைப்பதை 1999இல் கேரள உயர் நீதிமன்றம் தடுத்தது. 2001 நவம்பரில், முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில், மருத்துவமனை, பள்ளி, நூலகம், ரயில் முதலியவற்றில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2003இல் மத்திய சட்டம் பிறந்தது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று புதிய விதிகள் அமலாயின. தனியார் அலுவலகங்களும் இதற்குள் வந்தன.

நம் பெங்களூரில் ஐ.டி. அலுவலகங்களின் ஏ.சி. கூடத்தில் ஒருவர் விட்ட புகை எல்லோருக்கும் சுற்றி வரும். இன்று அங்கே புகைப்பவர் கேட்டுக்கு வெளியே, டீக்கடை ஓரம்தான் நிற்கிறார். கர்நாடகம் 2024இல் ஹூக்கா பார்களைத் தடை செய்தது. 2025 மே மாதம் வெளியான திருத்தச் சட்டம், பொது இடத்தில் புகைப்பதற்கான அபராதத்தை 200 ரூபாயிலிருந்து 1000 ஆக்கியது. புகையிலை வாங்கும் வயதை 18இலிருந்து 21 ஆக்கியது.

ஓட்டை இல்லாமல் இல்லை. 30 பேர் அமரும் உணவகம் புகைப்பதற்குத் தனி இடம் வைத்துக்கொள்ள மத்திய சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் புகையும் வெளியே வருமே! அங்கே வேலை பார்க்கும் பையனின் நுரையீரலுக்கு யார் பொறுப்பு?

இன்னொன்று, நம் வீடு எந்தச் சட்டத்திலும் பொது இடம் அல்ல. அதிக நேரம் குழந்தைகள் சுவாசிப்பதோ அங்கேதான். பால்கனிக்குப் போனாலும் புகை மேல்வீட்டு ஜன்னலுக்குள் நுழையும். ஆகவே, வந்தவர் சொந்த மாமாவே ஆனாலும், "மாமா, கீழே போய் பிடிச்சிட்டு வந்துடுங்களேன், காபி ரெடியா இருக்கும்" என்று சொல்லப் பழகுவோம். இதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.