தொடக்கப்பள்ளி மாணவர்களின் வாசிப்புத் திறன் மேம்பாடு: குத்தாலம் வட்டாரச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளி மாணவர்களின் வாசிப்புத் திறன் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் வாசிக்கத் தெரிந்தோரின் விழுக்காட்டையே மையமாகக் கொண்டுள்ளன. வாசிக்க இயலாமைக்கான காரணமோ மாணவருக்கு மாணவர் வேறுபடுகிறது. தமிழ் எழுத்து முறையின் இயல்பு, பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையிலான தொலைவு, மனப்பாடம் சார்ந்த வகுப்பறை வழக்கம் ஆகியவை வெவ்வேறு வகையான இடர்ப்பாடுகளைத் தோற்றுவிக்கின்றன. இவற்றைப் பிரித்தறியாமல் அனைவருக்கும் ஒரே பயிற்சியை அளிப்பது பயன் தராது என்பதை, மயிலாடுதுறை மாவட்டம் குத்தாலம் வட்டாரத்தின் ஊர்ப்பெயர்களையும் வேளாண் சொற்களையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வாசிப்புத் திறன், தொடக்கக் கல்வி, உயிர்மெய் எழுத்து, இரட்டை வழக்கு, வாசிப்புப் பிழை, குத்தாலம்

முன்னுரை

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்னும் நான்கு மொழித்திறன்களுள் முதலிரண்டையும் குழந்தை வீட்டிலேயே பெற்றுவிடுகிறது. படித்தலும் எழுதுதலும் பள்ளியின் வழியே வாய்ப்பவை. ஆகவே வீட்டில் நூல்களோ நாளிதழ்களோ இல்லாத குழந்தைக்குப் பள்ளி தவறவிடும் வாசிப்புத் திறன் வேறெங்கும் கிடைப்பதில்லை. கணக்குப் பாடத்தின் வாழ்க்கைக் கணக்கையும் அறிவியல் பாடத்தின் வினாவையும் வாசித்தே அறிய வேண்டியிருப்பதால், இத்திறனின் குறை பிற பாடங்களையும் பற்றிக்கொள்கிறது.

பிரதம் அமைப்பு வெளியிடும் கல்வி நிலை ஆண்டறிக்கையின் (ஏசர்) 2022ஆம் ஆண்டுத் தரவின்படி, தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் 2ஆம் வகுப்புப் பாடப்பகுதியை வாசிக்க இயன்ற 3ஆம் வகுப்புக் குழந்தைகள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. 2018இல் இது ஏறக்குறைய 10 விழுக்காடாக இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தது இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணம். எனினும் அதற்கு முன்னரே பத்தில் ஒருவர் மட்டுமே வாசித்தனர் என்பதால், கற்பித்தல் முறையையும் ஆராய வேண்டியுள்ளது.

காவிரிப் படுகையின் வாசிப்பு மரபு

காவிரியின் தென்கரையில் அமைந்த குத்தாலம், தேவாரத்தில் திருத்துருத்தி எனப் பெயர் பெற்ற தலம். நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து 2020 டிசம்பரில் பிரிக்கப்பட்ட மயிலாடுதுறை மாவட்டத்தில் இது ஒரு வட்டத்தின் தலைமையிடம். கம்பர் பிறந்த ஊராகக் கருதப்பெறும் தேரழுந்தூரும், தமிழ்க் கல்வியைப் பேணிய ஆதீனத்தைக் கொண்ட திருவாவடுதுறையும் இவ்வட்டத்தில் உள்ளன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சாமிநாதையர் பயின்றது மாயூரத்திலும் திருவாவடுதுறையிலுமே ஆகும்.

இம்மரபின் தொடக்கக் கல்வி திண்ணைப் பள்ளிகளில் நடைபெற்றது. மணலில் விரலால் எழுதிப் பழகுதல், ஆசிரியர் சொல்வதைத் திரும்பச் சொல்லுதல், மனப்பாடம் செய்தல் ஆகியவை அதன் முறைகள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, இத்தகைய பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றதாகக் கூறப்படுகிறது.

மனப்பாடத்திற்கு அம்முறை அளித்த முதன்மைக்குத் தக்க காரணம் உண்டு. மெய்யெழுத்துகளும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்தாலும், எழுத்தாணியால் கீறப்படும் ஓலையில் புள்ளி இடுவது பெரும்பாலும் தவிர்க்கப்பட்டது. ஓலையை வாசிப்பவர், அங்குள்ளது மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்பதைச் செய்யுளை முன்பே அறிந்திருந்ததன் துணைகொண்டு தெளிந்தார். எனவே நினைவாற்றலே வாசிப்பின் கருவியாக இருந்தது. பின்னர் வீரமாமுனிவர் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்து வடிவிலேயே காட்டினார். அச்சு நூல்கள் புள்ளியை நிலைபெறச் செய்தன. இன்றைய பாடநூலில் ஒலிப்புக்குத் தேவையான குறிகள் பெரும்பாலும் கண்முன் உள்ளன. ஆயினும் ‘ஆசிரியர் சொல்ல மாணவர் பின்சொல்லும்’ பழைய முறையே பல வகுப்பறைகளில் வாசிப்புப் பயிற்சியாகத் தொடர்கிறது. இதனால் பாடத்தை ஒப்பிக்கும் குழந்தை, வாசிக்கும் குழந்தையாகத் தோற்றமளிக்கிறது.

எழுத்து நிலையில் எழும் இடர்ப்பாடுகள்

தமிழ் எழுத்துகள் 247 எனப்பட்டாலும் குழந்தை 247 வடிவங்களைத் தனித்தனியே நினைவில் கொள்ள வேண்டியதில்லை. உயிர், மெய், உயிர்க்குறி ஆகியவற்றின் சேர்க்கை முறையை அறிந்தால் போதும். ஆனால் அச்சேர்க்கை எல்லா இடங்களிலும் ஒரே சீராக அமைவதில்லை. இதனை நான்கு ஊர்ப்பெயர்களைக் கொண்டு விளக்கலாம். குத்தாலம், தேரழுந்தூர், திருமணஞ்சேரி, திருவாவடுதுறை ஆகிய இப்பெயர்கள் இவ்வட்டாரக் குழந்தை காதால் நன்கறிந்தவை. பேருந்துகளிலும் பெயர்ப்பலகைகளிலும் காணக்கூடியவை.

முதலாவது, உயிர்க்குறியின் இடம். ‘தேரழுந்தூர்’ என்பதன் முதலெழுத்தில் மெய்யின் ஒலி முன்னும் ஏகார ஒலி பின்னும் வருகின்றன. எழுதும்போதோ கொம்பு முன்னும் தகரம் பின்னும் நிற்கின்றன. ‘கோ’, ‘கொ’ போன்றவற்றில் குறி இருபுறமும் அமைகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு வடிவையும் ஒலிக்கப் பழகிய குழந்தை இங்குத் தடுமாறுவது இயல்பு.

இரண்டாவது, உகரக் குறியின் வடிவ வேறுபாடு. கு, டு, மு, ரு, ழு, ளு என்பன ஒருவகையாகவும், ஙு, சு, பு, யு, வு என்பன கீழிறங்கும் கோடு பெற்றும், ஞு, ணு, து, நு, லு, று, னு என்பன வலப்புற வளைவு பெற்றும் வருகின்றன. ‘திருவாவடுதுறை’ என்னும் ஒரு பெயரிலேயே ரு, டு, து என இருவகை வடிவங்கள் உள்ளன. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவத்தைச் சீராக்கியது. உகர ஊகார வரிசைகளை அது தொடவில்லை. ஆகவே இவ்வரிசைகளுக்குத் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது.

மூன்றாவது, ஓரெழுத்துப் பல ஒலி பெறுதல். குத்தாலத்தில் வல்லொலியாக வரும் தகரம், தேரழுந்தூரில் நகர மெய்யை அடுத்து மென்மையாக ஒலிக்கிறது. ‘திருமணஞ்சேரி’யின் சகரமும் ‘சோறு’ என்பதன் சகரமும் ஒலியால் வேறானவை. இடம் நோக்கி ஒலி மாறும் இவ்விதியைத் தாய்மொழியாளர் தம்மை அறியாமலே பின்பற்றுவர். எழுத்தைத் தனித்துப் பயிலும் குழந்தைக்கோ அது புலப்படுவதில்லை.

நான்காவது, புள்ளி. ‘கள்’ என்பதையும் ‘கள’ என்பதையும் வேறுபடுத்துவது ஒரு புள்ளியே. மெய் இரட்டித்து வரும் சொற்களில் புள்ளியைக் கவனியாத குழந்தை ‘குத்தாலம்’ என்பதை ‘குததாலம’ எனப் பிரித்து ஒலிக்கும். தான் பிறந்த ஊரின் பெயரையே வாசிக்கிறோம் என்பது அதற்குத் தெரியாமற் போகும்.

பேச்சும் எழுத்தும்

எழுத்துகளைக் கூட்டி ஒலிக்கக் கற்ற பின்னும் மற்றொரு தடை எஞ்சுகிறது. வயலில் வளர்வதைக் குழந்தை ‘நாத்து’ என அறியும்; நூலில் ‘நாற்று’ என இருக்கும். ‘வாய்க்கா’ என்பது ‘வாய்க்கால்’ எனவும், ‘வர்றாங்க’ என்பது ‘வருகிறார்கள்’ எனவும் எழுதப்படும். திருவாவடுதுறையே பேச்சில் ‘திருவாடுதுறை’ எனச் சுருங்குகிறது. பெரியோர் நாவில் ‘மாயவரம்’ என வழங்கும் ஊர், பலகையில் ‘மயிலாடுதுறை’ என நிற்கிறது.

கூட்டி ஒலித்த சொல், தான் முன்பே அறிந்த சொல்லோடு பொருந்தும்போதுதான் குழந்தைக்குப் பொருள் விளங்குகிறது. எழுத்து வழக்குச் செவிக்குப் புதிதாயின் அப்பொருத்தம் நிகழாது. சரியாக ஒலித்த பின்னும் பொருள் தோன்றாது. இதனைக் குழந்தையின் அறிவுக் குறையாகக் கருதுவது தவறு. பேச்சு வடிவத்திலிருந்து எழுத்து வடிவத்திற்குச் செல்லும் வழியைப் பள்ளி காட்டவில்லை என்பதே அதன் பொருள்.

ஒரு தொடர், மூன்று வாசிப்புகள்

இவ்விரு தடைகளும் மனப்பாட வழக்கமும் வகுப்பறையில் எவ்வாறு வெளிப்படும் என்பதை ஒரு கற்பனைச் சூழலால் விளக்கலாம். ‘அம்மா நாற்றங்காலில் நாற்றுப் பறித்தாள்’ என்னும் தொடரை மூவர் வாசிப்பதாகக் கொள்வோம்.

முதல் மாணவர் ‘நா… ற… ற…’ என எழுத்தெழுத்தாக ஒலித்து, புள்ளியை விட்டு, சொல்லைச் சேர்க்க முடியாமல் நின்றுவிடுகிறார். இரண்டாமவர் ‘அம்மா நாத்தங்கால்ல நாத்துப் பறிச்சா’ எனத் தடையின்றிச் சொல்கிறார். மூன்றாமவர் ஓரெழுத்தும் பிசகாமல் வாசிக்கிறார், ‘பறித்தது யார்? எதை?’ என வினவினால் விடையின்றி நிற்கிறார்.

ஒலிப்புப் பிழையை மட்டும் எண்ணும் தேர்வில் மூன்றாமவர் முதலிடம் பெறுவார். முதல்வரும் இரண்டாமவரும் ‘வாசிக்க இயலாதவர்’ என ஒரே வரிசையில் வைக்கப்படுவர். உண்மையில் இரண்டாமவர் பொருளை முழுமையாக உணர்ந்து, அதைத் தம் பேச்சுமொழிக்கு மாற்றியுள்ளார். அவரை மீண்டும் ‘அ, ஆ’விலிருந்து தொடங்கச் செய்வது, அவர் பெற்றிருக்கும் திறனை மறுப்பதாகும், வாசிப்பின் மீதே வெறுப்பை விளைவிக்கவும் கூடும். முதல்வருக்கு மெய்யெழுத்துப் பயிற்சியும், இரண்டாமவருக்கு எழுத்து வடிவத்தை உற்றுநோக்கும் பயிற்சியும், மூன்றாமவருக்குப் பொருள் குறித்த உரையாடலும் தேவை. மூன்றாமவரின் வாசிப்பு மனப்பாடமா என்பதை, அதே சொற்களின் வரிசையை மாற்றி எழுதிக் காட்டி எளிதில் அறியலாம்.

அளவீடும் அரசுத் திட்டங்களும்

2021இல் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் நிபுண் பாரத் திட்டம், 3ஆம் வகுப்பு முடிவில் நிமிடத்திற்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருளுணர்ந்து வாசிப்பதை இலக்காகக் கூறுகிறது. ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் ‘படித்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்னும் ஒரு சொல்லே 15 எழுத்துகள் கொண்டது. ஆகவே சொல் எண்ணிக்கையை மொழிகளுக்கிடையே பொதுவான அளவாகக் கொள்ள இயலாது. 2022இல் நடத்தப்பட்ட அடிப்படைக் கற்றல் ஆய்வு 20 மொழிகளுக்குத் தனித்தனி அளவுகளை வகுக்க முயன்றது இக்காரணம் பற்றியதே.

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’யும், 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் தொடங்கப்பட்டன. பின்னது மாணவர்களை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்திக் கற்பிக்கிறது. வகுப்பை நோக்காமல் நிலையை நோக்கும் இவ்வணுகுமுறை வரவேற்கத்தக்கது. ஏசர் 2024 அறிக்கையில் 3ஆம் வகுப்பின் வாசிப்பு விழுக்காடு ஏறக்குறைய 12 என உயர்ந்திருப்பதும் குறிப்பிடத்தக்கது. எனினும் நிலை என்பது மாணவர் எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டுமேயன்றி ஏன் அங்கே நிற்கிறார் என்பதைக் காட்டாது. மேற்கண்ட முதல் இரு மாணவர்களும் ஒரே நிலையில் சேர்க்கப்பட வாய்ப்புண்டு. அவ்விடைவெளியை நிரப்ப வேண்டியது ஆசிரியரின் பிழைக் குறிப்பே.

மேம்பாட்டு வழிமுறைகள்

1. வாசிப்புப் பிழைக் குறிப்பு: குறில் நெடில், புள்ளி, கொம்பு, உகர வடிவம், ஒலி ஒப்புமை (ல, ள, ழ; ர, ற; ந, ன, ண), பேச்சு வடிவம், பொருள் உணர்தல் என ஏழு கட்டங்கள் கொண்ட ஒரு தாள் போதுமானது. 20 மாணவர் கொண்ட வகுப்பில் நாளொன்றுக்கு ஐவர், ஒருவருக்கு இரண்டு நிமிடம் என ஒதுக்கினால், நான்கு நாள்களில் ஒரு சுற்று நிறைவுறும். இருவர் ஐந்து வகுப்புகளையும் கவனிக்கும் ஈராசிரியர் பள்ளிக்கும் இது இயலக்கூடியதே.

2. ஊர்ப்பெயர் அட்டைகள்: அறிந்த ஒலியிலிருந்து அறியாத வடிவத்திற்குச் செல்ல ஊர்ப்பெயர்கள் உதவும். பெயரை எழுத்துகளாகப் பிரித்து மீண்டும் சேர்க்கும்போது, புள்ளியை நீக்கினால் ஒலி எவ்வாறு மாறுகிறது என்பதைக் குழந்தையே கண்டறிகிறது.

3. இணைச்சொல் பட்டியல்: குழந்தை சொல்லும் ‘நாத்து’, ‘வாய்க்கா’, ‘அறுப்பு’ ஆகியவற்றைக் கரும்பலகையில் ஒருபுறமும், ‘நாற்று’, ‘வாய்க்கால்’, ‘அறுவடை’ என்பவற்றை மறுபுறமும் எழுதி ஒப்பிடச் செய்யலாம். பேச்சு வடிவத்தைப் பிழை எனக் கடியாமல், எழுத்து வடிவத்திற்கான படியாகக் கொள்வது இதன் நோக்கம். குறுவை, சம்பா, தாளடி எனப் பருவந்தோறும் மாறும் வயல்வேலைகள் இதற்கான சொற்களை ஆண்டு முழுதும் தரும்.

4. பாடநூலுக்கு அப்பாற்பட்ட வாசிப்பு: முன்பு கேட்டிராத நூலை வாசிக்கும்போதுதான் மனப்பாடத்தின் துணை விலகுகிறது. 2023இல் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிநிலைகளில் சிறு நூல்களை வெளியிட்டுள்ளது. அவற்றைக் குழந்தைகள் வீட்டிற்கும் எடுத்துச் செல்ல அனுமதிப்பது பயன் தரும்.

தொடர்ந்த பயிற்சிக்குப் பின்னும் முன்னேற்றம் காணாத குழந்தைக்குப் பார்வை, செவித்திறன், கற்றல் குறைபாடு ஆகியவை குறித்த பரிசோதனை தேவை. பிழைக் குறிப்பு அத்தகைய குழந்தையை முன்கூட்டியே இனங்காணவும் துணைசெய்யும்.

முடிவுரை

ஓலைச்சுவடிக் காலத்தில் வாசிப்பு நினைவாற்றலைச் சார்ந்திருந்தது. அக்கால எழுத்து வடிவம் அதை வேண்டியது. அச்சு எழுத்தும் சீர்திருத்தங்களும் அத்தேவையைக் குறைத்த பின்னும், மனப்பாடத்தை வாசிப்பாகக் கொள்ளும் வழக்கம் நீடிக்கிறது. தமிழ் எழுத்தின் சேர்க்கை முறையை வெளிப்படையாகக் கற்பித்தல், வட்டார வழக்கிலிருந்து எழுத்து வழக்கிற்கு வழியமைத்தல், பிழையின் வகையறிந்து பயிற்சியளித்தல் ஆகிய மூன்றும் இணையும்போதே வாசிப்புத் திறன் மேம்படும். ‘நாத்து’ என வாசித்த குழந்தையின் தாளில் இடப்படும் தவறுக்குறி, அக்குழந்தை அறிந்ததையும் சேர்த்தே அடித்துவிடுகிறது. பிழையைக் குறிக்கும் முன் அதன் வகையைக் குறித்தல் என்னும் எளிய மாற்றத்திலிருந்து தொடக்கப்பள்ளி வாசிப்புப் பயிற்சி தொடங்கப்பட வேண்டும்.