இலவச விளையாட்டின் விலை

காசு வாங்காமல் ஒரு விளையாட்டைக் கோடிக்கணக்கானோர்க்கு வழங்கும் நிறுவனம் எங்ஙனம் செல்வம் சேர்க்கிறது? கைப்பேசியை விட்டு அகலாத மைந்தரைப் பெற்றோர் பலர் நம்மிடம் எழுப்பும் வினா இது. விடை காண, சிங்கப்பூரில் 2009-ஆம் ஆண்டில் தோன்றிய கரீனா நிறுவனத்தின் வரலாறு நமக்குத் துணை புரியும்.

இதனை நிறுவியவருள் முதல்வர் ஃபாரெஸ்ட் லீ. சீனாவில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேலாண்மை பயின்றவர். வெவ்வேறிடங்களில் இருப்போர் கணினி வழியே கூடி உரையாடி விளையாட இடமளித்ததே கரீனாவின் தொடக்கப் பணி. பின்னர் அது பிறர் படைத்த விளையாட்டுகளை வெளியிட முற்பட்டது. நூலாசிரியர்க்குப் பதிப்பாளர் எப்படியோ, அப்படியே இதுவும். அமெரிக்க நிறுவனமாகிய ரயட்டின் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டைத் தென்கிழக்காசியாவிற்குக் கொணர்ந்தது கரீனாவே.

அடுத்து வந்தவை போட்டிகள். 2012-இல் அந்நிறுவனம் தென்கிழக்காசிய அணிகளுக்கெனத் தொடர்ப்போட்டி நடத்தியது. அதே ஆண்டில் தைவானைச் சார்ந்த ‘தைப்பே அசாசின்ஸ்’ அணி, லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் உலகப் பட்டம் வென்று பத்து இலட்சம் டாலர் பரிசு பெற்றது. போட்டியைக் காண்பவர் ஆடத் தொடங்குவர், ஆடுபவர் விலகாதிருப்பர். ஆதலின் போட்டி நடத்துவதும் வணிகத்தின் ஓர் அங்கமே எனலாம்.

2017-இல் ‘ஃபிரீ ஃபயர்’ வெளிவந்தது. ஐம்பது பேர் ஒரு தீவில் குதித்துப் பொருதுவர். எஞ்சி நிற்பவரே வெற்றியாளர். ஆட்டம் ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் முடியும். விலை குறைந்த கைப்பேசியிலும் இயங்கியமையால், பிரேசிலிலும் இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் எளிய இல்லங்களுக்குள் அது நுழைந்தது. அவ்வாண்டிலேயே ‘ஸீ’ எனும் பெயரேற்ற தாய் நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. 2021-இல் சிங்கப்பூரில் நடந்த ஃபிரீ ஃபயர் உலகப் போட்டியின் பரிசுத் தொகை இருபது இலட்சம் டாலர்.

இனி, வருவாய்க்கு வருவோம். 2021-இன் முதற் காலாண்டில் கரீனாவின் விளையாட்டுகளை ஆடியவர் ஏறத்தாழ 65 கோடிப் பேர். பணம் செலுத்தியவரோ 8 கோடிப் பேரே. ஆட்டத்தினுள் ‘வைரம்’ எனும் நாணயத்தை மெய்ப்பணம் கொடுத்து வாங்கி, உடைக்கும் படைக்கல அலங்காரத்திற்கும் செலவிட்டவர் இவர்கள். எட்டில் ஒருவர் கொடுத்ததே அனைவரின் இலவசத்தையும் தாங்கிற்று. ஷாப்பி எனும் இணைய அங்காடி வளரவும் விளையாட்டின் இலாபமே கைகொடுத்தது.

வளர்ச்சிக்குத் தடைகளும் நேர்ந்தன. 2022 பிப்ரவரியில் இந்திய அரசு ஃபிரீ ஃபயரைத் தடை செய்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பெருகிய ஆட்டக்காரர் தொகை குறையவே, அவ்வாண்டில் ஸீ நிறுவனம் ஆயிரக்கணக்கான ஊழியரை நீக்கியது. 2023 முதல் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டைத் தென்கிழக்காசியாவில் ரயட் தானே வெளியிடலாயிற்று.

விளையாட்டைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆயினும், பணம் கொடாத பிள்ளையும் இவ்வணிகத்திற்கு வேண்டியவனே. ஆடுகளத்தில் ஆள் நிறைந்திருந்தால்தானே அலங்காரத்தைக் காட்ட ஆசை பிறக்கும்? அவன் தருவது தன் நேரத்தை. எனவே, பெற்றோரே, கைப்பேசியைப் பறிக்குமுன் பிள்ளையின் அருகமருங்கள். “இதில் எதற்குக் காசு கேட்கிறார்கள்?” என்று அவனையே கேளுங்கள். விளக்கிச் சொல்லும்போது அவனும் அதனை எண்ணிப் பார்ப்பான்.