தகப்பன் யார் என்ற வழக்கு

1807-ஆம் ஆண்டில் ஆங்கில அரசரின் சாசனத்தால் பினாங்குத் தீவில் முதன்முதலாக நியாயஸ்தலம் ஏற்பட்ட நாள் முதல், ஜார்ஜ் டவுனில் எத்தனையோ குடும்ப வழக்குகள் வந்து தீர்ந்திருக்கின்றன. ஆயினும் இக்காலத்து வழக்கு ஒன்று முன்னவர்கள் அறியாதது. விவாகரத்தாகிச் சில வருஷங்கள் சென்றபின், மாதந்தோறும் பிள்ளையின் செலவுக்கென்று வெள்ளி கட்டிவருகிற ஒருவனின் மனத்தில், உறவினர் ஒருவர் வாய்தவறிச் சொன்ன சொல்லாலோ, கைப்பேசியில் கண்ட பழைய செய்தியாலோ, "இந்தக் குழந்தை எனக்குப் பிறந்ததுதானா?" என்ற சந்தேகம் புகுந்துவிடுகிறது. உடனே பணத்தை நிறுத்திவிடுகிறான்.

சட்டம் அவன் நினைப்பதுபோல் இல்லை. 1872-இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் இந்தியாவுக்கென்று இயற்றிய சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, நீரிணைக் குடியேற்றங்களின் வழியாக இங்கும் வந்து, மலேசியாவின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் அதே எண்ணோடு இன்றும் நிற்கிறது. செல்லுபடியான விவாகம் நீடிக்கும்போதோ, அது முறிந்து 280 நாட்களுக்குள் தாய் மறுமணம் செய்யாதிருக்கையிலோ பிறந்த குழந்தை, அந்தக் கணவனின் பிள்ளை என்பதற்கு அப்பிறப்பே முடிவான அத்தாட்சி. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் கூடுவதற்கு வாய்ப்பே இருக்கவில்லை என்று நிரூபிப்பது ஒன்றே விலக்கு. அக்காலம் முழுதும் கப்பலில் இருந்த மாலுமி தப்பலாம். ஒரே கூரையின் கீழ் மனம் கசந்து வாழ்ந்தவன் தப்ப இயலாது.

மரபணுச் சோதனை பிறந்தபின் இந்த விதி தத்தளிக்கிறது. விதியின் தாயகமான இங்கிலாந்து 1969-லேயே சட்டமியற்றி, இரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்குத் தந்துவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றம், கேட்டவுடன் இரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடலாகாது என்று 1993-இல் கூறிற்று. விஞ்ஞானம் உண்மையை ஐயமறக் காட்டிய பின்னர் அனுமானம் அதற்கு வழிவிட வேண்டும் என்று 2014-இல் தீர்ப்பளித்தது. பெற்றோரின் பூசலுக்குக் குழந்தையைச் சோதனைப் பொருளாக்கக் கூடாது என்று 2023-இல் மீண்டும் எச்சரித்தது. மலேசியாவிலோ, 2009-ஆம் ஆண்டு மரபணு அடையாளச் சட்டம் பெரும்பாலும் குற்ற விசாரணைக்கென்றே பிறந்தது. குடும்ப வழக்கில் சோதனைக்குக் கட்டாயப்படுத்த அதிகாரமில்லை என்ற நீதிபதியும் இங்குண்டு, உண்டு என்றவரும் உண்டு. ஏமாற்றப்பட்டவனுக்கும் ஏமாற்றப்படாதவனுக்கும் இந்த நிச்சயமின்மை ஒருங்கே அநீதி என்பது என் துணிபு.

ஆனால் ஜீவனாம்சத்தைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாகவே பேசுகிறது. முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றமும் அதற்குரிய சட்டங்களும் உண்டு. மற்றவர்களுக்கு, 1982 மார்ச் முதல் அமலிலுள்ள 1976-ஆம் ஆண்டு விவாக, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம். அதன் 99-ஆம் பிரிவை நான் பலமுறை படித்து வியந்திருக்கிறேன். தனக்குப் பிறவாத குழந்தையையும் தன் குடும்பத்தில் ஒருவராக ஒருவன் ஏற்றுக்கொண்டிருந்தால், அதன் தந்தையும் தாயும் கடமை தவறும் அளவுக்கு அதைப் பராமரிக்கும் பொறுப்பு அவனுடையது. அவ்வாறு செலவிட்டதை அவர்களிடமிருந்து கடனாக வசூலித்துக்கொள்ளும் உரிமையும் அவனுக்கு உண்டு. குழந்தையின் வயிறு முதலில், பெரியவர்களின் கணக்கு பிறகு என்று வைத்த அந்த வரிசையில் கருணையும் நீதியும் சேர்ந்தே இருக்கின்றன. உத்தரவு பொய்யான தகவலாலோ தவறான நம்பிக்கையாலோ பிறந்ததென்றால், அதை மாற்றவோ ரத்து செய்யவோ கேட்பதற்கு 96-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. 2018 டிசம்பருக்குப் பின், பராமரிப்பு பதினெட்டு வயதோடு முடியாமல், உயர்கல்வி முடியும்வரை தொடரவும் கூடும் என்பதை இருசாராரும் அறிந்திருத்தல் நல்லது.

இத்தனையிலும் வாய் திறவாமல் இருப்பது குழந்தை. அடையாள அட்டையில் இன்னாரின் மகன், மகள் என்று குறிக்கும் 'ஏ/எல்', 'ஏ/பி' என்ற எழுத்துகளுக்குப் பின் ஒரு மனிதரின் பெயரைச் சுமந்து பள்ளிக்குச் செல்லும் அது, அப்பா என்று அழைத்தவர் திடீரென வராமற் போன காரணத்தை யாரிடம் கேட்கும்?

சந்தேகம் எழுந்தவர்கள் குழந்தையின் கன்னத்து எச்சிலைத் திருட்டுத்தனமாக எடுத்தனுப்பாமல், வழக்கறிஞரையோ சட்ட உதவிப் பிரிவையோ நாடி, நீதிமன்றத்தில் முறைப்படி மனுச்செய்து, மறு உத்தரவு வரும்வரை பணத்தைக் கட்டிவர வேண்டும். நாடாளுமன்றத்தில் உள்ள நம் பிரதிநிதிகளோ, இச்சோதனையை எப்போது, யார் கேட்கலாம், குழந்தைக்காக யார் பேசுவது என்பதைச் சட்டமாக எழுதித் தர வேண்டும். அதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.